ஊஜி ஈக்கள் இருந்த கண்ணாடிப் பெட்டி

ஓசூரில் ஒரு தியேட்டரில் ஒரு வாரம் ஓடி நின்றுபோன திகில் படம் ஒன்றில், மூன்றாவதாகச் சாகும் கூலிக்காரன் நானாக இருந்திருக்க வேண்டும். படம் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணன், "உன்னையே காணமேப்பா, வேற எவனோ சாவுறான்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேமராவைப் பார்த்ததும் நான் நடுங்கிவிட்டேன், அதனால்தான் தூக்கிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. நான் கூச்சப்படுகிற ஆள்தான். டீக்கடையில் நாலு பேர் நின்றால் சர்க்கரை கம்மியாகப் போடுங்கள் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. ஆனால் அன்றைக்கு நான் நடுங்கவில்லை. நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். ஐந்தாவது வரை படித்த படிப்பு இதற்குப் போதும்.

சூளகிரியிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் எங்கள் ஊர். ஊர் எல்லையில் பம்புசெட்டுக்குச் சாமான் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அதில் நான் ஹெல்பர். கம்பெனியை மூடிய பிறகு, இருந்த அரை ஏக்கரில் மல்பெரி நட்டு நானும் மனைவியும் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தோம். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் புழுதான். ஒரு வீட்டில் புழு சரியாக வந்தால் தெருவே நிமிர்ந்து நடக்கும். ஒரு வீட்டில் ஊஜி ஈ நுழைந்தால் தெருவுக்கே தூக்கம் போய்விடும்.

ஊஜி ஈ என்பது வீட்டு ஈயை விடக் கொஞ்சம் பெரியது. முதுகில் கறுப்புக் கோடு இருக்கும். பட்டுப்புழுவின் தோல்மேல் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாக ஒரு முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். இரண்டு நாளில் முட்டையிலிருந்து குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். போன இடத்தில் ஒரு கரும்புள்ளி விழும். அப்புறம் பட்டுப்புழு இலை தின்னும், ஈயின் புழு பட்டுப்புழுவைத் தின்னும். கடைசியில் பட்டுப்புழு கட்டிய கூட்டையும் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே விழுந்து, தரை வெடிப்பில் ஒளிந்துகொள்ளும். பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி ஈ. அதனால் விழுந்ததை விழுந்த உடனே பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவோம். வெளியே கொட்டுகிறவனை எங்கள் தெருவில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

படக்காரர்கள் பெங்களூரிலிருந்து வந்தார்கள். ஒரு வேன், ஒரு சின்ன கேமரா, ஆறேழு பேர். மூடிக்கிடந்த கம்பெனி ஷெட்டை விஞ்ஞானியின் ஆராய்ச்சிக்கூடமாக மாற்றினார்கள். கதை இதுதான்: ஒரு விஞ்ஞானி, கூலிக்காரர்களின் உடம்புக்குள் புழுவை வளர்த்து அதிலிருந்து ஒரு மருந்து எடுக்கிறான். கூலிக்காரர்கள் தங்களுக்குள் என்ன வளர்கிறது என்றே தெரியாமல் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

டைரக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் மல்பெரிக் கட்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னை நிறுத்தினார். முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"அண்ணா, மேக்கப்பே வேணாம். பாதி செத்த மாதிரியே இருக்கீங்க. என் படத்துல நடிங்கண்ணா."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

மறுநாள் நான் புழு வளர்க்கும் மனையைப் பார்க்க வந்தார். அப்போது எங்கள் காய்ப்பு, அதாவது ஒரு தடவைப் புழு வளர்ப்பு, கூடு கட்டி முடிகிற நேரம். தரையில் ஐந்தாறு ஊஜிப் புழுக்கள் விழுந்து கிடந்தன. இது என்ன என்று கேட்டார். நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். ஆனால் புழுவைப் பற்றிக் கேட்டால் பேசிவிடுவேன். முட்டையிலிருந்து கூட்டில் ஓட்டை விழுவது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் விரிந்துகொண்டே போனது.

"நான் ஆறு மாசமா மூளைய கசக்கி எழுதின கதை, உங்க வீட்டுத் தரையில கெடக்குதேண்ணா! இதுல கொஞ்சம் குடுங்க."

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். சோப்புத் தண்ணீர் வாளி காலடியில் இருந்தது. அதில் போட வேண்டியதைப் பொறுக்கி, ஒரு பாக்கு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். படம் பிடித்ததும் கொன்றுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொன்றுவிடுங்கள் என்று அவரிடம் சொல்லவில்லை.

கூடு எடுத்து, மனையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் அடித்து, அடுத்த காய்ப்புக்குக் குஞ்சுப் புழு வாங்கி வந்தோம். அவை நாலாவது ஜுரத்தில் கிடந்தபோது மறுநாள் எனக்கு ஷூட்டிங், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். புழு தோலுரிக்க அசையாமல் கிடப்பதை எங்கள் பக்கம் ஜுரம் என்போம். நாலாவது ஜுரம் முடிந்து எழுகிற புழுவைத்தான் ஊஜி ஈ தேடிக்கொண்டு வரும்.

ஷெட்டுக்குள் மேசைமேல் ஒரு கண்ணாடி மீன் பெட்டி. வாயில் கொசுவலை கட்டியிருந்தது. உள்ளே மண். கண்ணாடியில் ஈக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. என் டப்பாவில் போனது ஐந்தாறுதான். இங்கே ஐம்பதுக்கு மேல் இருந்தது.

"சார், இது அத்தனையும்?"

"உங்களுது கொஞ்சம். பாக்கிய கர்நாடகா பக்கம் நாலு ஊர்ல சேர்த்தோம். எப்படி வளர்த்தேன் பார்த்தீங்களா?" என்றார். பிள்ளையைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

"இத ஒழிச்சிடுங்க சார். எங்க புழுவெல்லாம் ஜுரத்துல கெடக்குது."

"அண்ணா, இதுதான் என் படத்துக்கு ஹீரோ. கிளைமாக்ஸ்ல பறக்கணும்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த இலையைக் கீழே போட்டாள்.

"எவன் வந்து கேட்டாலும் எடுத்துக் குடுத்துருவியா? நாளைக்கு வந்து என்னைக் கேட்டா?"

"உன்னை எவன் கேக்கப் போறான்?"

"சிரிக்காத. ஜன்னலுக்கு வலை கட்டிட்டா ஆச்சா? அடுத்த வீட்ல பாதிக்கு சேலைதான் கட்டியிருக்குது. நம்ம ஈ அங்க போய் உக்காந்துச்சுன்னா, நீ எந்த மூஞ்சிய வச்சிக்கினு இந்தத் தெருவுல நடப்ப?"

அவள் 'நம்ம ஈ' என்றது சரிதான். என் கையால் கொடுத்தது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு என் காட்சி. கழுத்தில் மெழுகும் சிவப்புச் சாயமும் வைத்துப் புண் செய்தார்கள். காக்கிச் சட்டையில் மூன்று என்று எழுதியிருந்தது. விஞ்ஞானியாக நடித்தவர் பெங்களூர் நாடகக்காரர், வெள்ளைக் கோட்டுப் போட்ட பெரியவர். அவர் என்னைச் சுட்டிக்காட்டி, "இவங்களுக்கு எதுவும் தெரியாது. உடம்பு மட்டும்தான் இருக்கு" என்று வசனம் பேச வேண்டும். நான் பெட்டியைத் தெரியாமல் திறக்க வேண்டும். ஈக்கள் கிளம்பி என் முகத்தில் மொய்க்க, நான் அவர் காலில் விழுந்து, "ஐயா, காப்பாத்துங்க" என்று அழ வேண்டும்.

வெறும் பெட்டியை வைத்து இரண்டு முறை ஒத்திகை. அந்த வசனத்தைக் கேட்கக் கேட்க எனக்குள் ஏதோ கொதித்தது. யாருக்குத் தெரியாது? புழுவின்மேல் விழுந்த புள்ளியைப் பார்த்து, ஈ எப்போது உட்கார்ந்தது என்று சொல்வாள் என் மனைவி. தெரியாதவர் யார் என்றால், ஜன்னல் கண்ணாடியெல்லாம் உடைந்து கிடக்கிற ஷெட்டில், மல்பெரித் தோட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, ஐம்பது ஊஜி ஈக்களை அவிழ்த்துவிடப் போகிறவர்தான்.

"ஆக்‌ஷன்!"

விஞ்ஞானி வசனத்தைப் பேசினார். நான் பெட்டியிடம் போனேன். வலைக் கயிற்றில் கை வைத்தேன். கை கயிற்றை அவிழ்க்கவில்லை, இறுக்கியது. பெட்டியைத் தூக்கினேன். பக்கத்தில் ஆராய்ச்சிக்கூடத்து ரசாயனம் என்று சொல்லி ஒரு பெரிய தொட்டி வைத்திருந்தார்கள். அதில் இருந்தது பச்சைச் சாயம் கலந்த தண்ணீர். நுரை வருவதற்காக அவர்களே இரண்டு பாக்கெட் சோப்புத்தூள் கொட்டியிருந்தார்கள்.

பெட்டியை வலைப் பக்கமாகக் கவிழ்த்து உள்ளே அமுக்கினேன்.

"சூப்பர்ணா, சூப்பர்!" என்றார் டைரக்டர். நான் நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். காற்று கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. பெட்டி கையை எதிர்த்துத் தள்ளியது. சாய்த்துச் சாய்த்து, குமிழி நிற்கும் வரை முழங்கை முங்க அமுக்கிப் பிடித்தேன். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது.

"ஏய், ஏனு மாட்பிட்டே!" என்ன செய்துவிட்டாய் என்று கத்தினார்; கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். "என் படமே அதுலதான் இருக்கு! யார் உன்னைக் கொல்லச் சொன்னது? நீ என்ன பெரிய சயின்டிஸ்டா?"

அண்ணா போய் நீ வந்துவிட்டது.

"அஞ்சாவது சார்" என்றேன்.

"என்ன?"

"அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன். எனக்கே தெரியுது சார், இத அவுத்து விட்டா யார் வீட்டுப் புழு சாவும்னு."

அவ்வளவு பேர் நடுவில் அத்தனை நீளமாக நான் பேசியது அதுதான் முதல் முறை. தலையைக் குனியவில்லை. பெட்டியை வெளியே எடுத்துப் பார்த்தேன். மூலையில் சிக்கிய காற்றில் ஓர் ஈ இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது. மறுபடி முக்கினேன். வெள்ளைக் கோட்டுப் பெரியவர், "காலில் விழற சீன் இனிமே இல்லைன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கேமராக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

புண்ணைக் கலைக்காமல் அப்படியே வீட்டுக்கு நடந்தேன். அடுத்த வீட்டு அக்கா என் கழுத்தைப் பார்த்து, "ஐயோ, யாரு வெட்னா?" என்று அலறினார். "யாரும் இல்லக்கா. உங்க ஜன்னலுக்கு நல்ல வலையா கட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அந்தக் காய்ப்பில் கரும்புள்ளி விழுந்த புழுக்கள் எங்கள் தெருவில் இல்லாமல் இல்லை. எந்தக் காய்ப்பில்தான் இல்லை? ஆனால் அவை நான் கொடுத்த டப்பாவிலிருந்து வந்தவை அல்ல. அதை யார் முன்னாலும் நின்று சொல்வேன்.

நாலாம் நாள் டைரக்டர் எங்கள் மனை வாசலுக்கு வந்தார். குரல் மறுபடி அண்ணாவுக்கு இறங்கியிருந்தது.

"கோபத்துல பேசிட்டேன்ணா. ஒரே ஒரு டப்பா. இந்தத் தடவ மூடியே வச்சிக்கிறேன், பறக்க விடல."

மனைவி இலை நறுக்குவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மனைக்குள் புழுக்கள் ஜுரம் எழுந்து தின்றுகொண்டிருந்தன.

"தர மாட்டேன் சார்."

"ஒண்ணாவது குடுங்கண்ணா, குளோசப்புக்கு."

"ஒண்ணும் தர மாட்டேன். பேசணும்னா அந்தாண்டயே நின்னு பேசுங்க, செருப்போட வாசப்படி மிதிக்காதீங்க."

அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். நான் வலைக்கதவைச் சாத்திவிட்டு, இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு புழுத் தட்டுகளிடம் போனேன்.