பருந்தக்கா

சோளத் தாள்களை இரு கையாலும் விலக்கிக்கொண்டு கொல்லைக்குள் நுழைகிறாள் பருந்தக்கா. எங்கோ உள்ளே அடக்க முடியாத சிரிப்பு. "ஒளிஞ்சுக்கிட்டுச் சிரிச்சா மாட்டாம என்ன செய்வீங்க?" என்றபடி ஒரு சட்டைக் காலரைப் பற்றி இழுக்கிறாள். கிளி விரட்ட அப்பா நிறுத்திவைத்திருப்பதாக முறையிடுகிறான் பையன். "கிளிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ பள்ளிக்கூடத்துக்கு நட."

மலைச்சரிவுப் பள்ளிக்கூடத்தில் சமையல்தான் அவள் வேலை. பிள்ளை பிடிப்பது அவளாகத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டது. உலையை ஏற்றிவிட்டுக் கொல்லை கொல்லையாக இறங்குவாள். கோழிக்குஞ்சைக் கொத்துவதுபோலக் கொத்திக்கொண்டு போகிறாள் என்று தாய்மார்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவளும் அந்தச் சனத்தில் பிறந்தவள்தான். சமவெளி நிலமெல்லாம் யார் யார் கைக்கோ போய்விட, கல்லும் சரிவுமாக மிஞ்சியதில் சோளம் போடுகிற சனம். பழைய தானியம் தீர்ந்து, புதுக்கதிர் முற்றாத மாதங்களில் பல வீடுகளில் அடுப்பு எரியாது. அப்போதுதான் அவள் குரல் ஊரையே கூட்டும்.

பந்தி நடுவே நடந்தபடி, பிள்ளைகளின் மேல்கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பாள். "சதையே வெக்கலையே! இன்னொரு கரண்டி வாங்கு." தம்பிக்கென்று முட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளுகிற கையைப் பிடித்துக்கொள்வாள். "அவனுக்கு என் பங்கு இருக்கு. உன்னோடத நீ முழுங்கு."

வாத்தியார் கீழேயிருந்து வருகிறவர். அவர் பேச்சில் கணக்குக் கேட்டால் சின்னப் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கும். அடுப்படியிலிருந்தே அதைத் தங்கள் பேச்சுக்கு மாற்றிக் கத்துவாள் பருந்தக்கா. உடனே விடை பறந்து வரும்.

"விடையையும் சேர்த்துச் சொல்லிடாதீங்கக்கா."

"தெரிஞ்சாத்தான சார் சொல்றதுக்கு!"

இந்த வருஷம் கதிர் பிடிக்கிற நேரத்தில் மழை கைவிட்டது. கீழே கரும்பு வெட்ட ஆள் ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. சரிவின் கடைசி வீட்டுக்காரன், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். மகள் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். செய்தி காதில் விழுந்ததும் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள் பருந்தக்கா.

"புள்ளைய விட்டுட்டுப் போங்கண்ணே. பள்ளிக்கூடத்துல சாப்பிடும், என் பக்கத்துல படுத்துக்கும். நீங்க திரும்பி வர்றப்போ கதை படிச்சுக் காட்டும் பாருங்க."

அவன் பாத்திர மூட்டையின் முடிச்சை இறுக்கினான். "போன வருஷம் பெரியவன உங்கிட்டதான விட்டுட்டுப் போனோம்."

பெரியவன் காய்ச்சலில் போய்விட்டான். பசி மாதங்களிலேயே உடம்பு கரைந்திருந்தவன். பள்ளிச் சோறு அதை ஈடுகட்டுவதற்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது. முதுகில் சுமந்தபடி மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் இவள்தான். "தாங்குறதுக்கு உடம்புல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார் டாக்டர். தகவல் தெரிந்து தாயும் தகப்பனும் வந்து சேர்வதற்குள் மண் மூடியாகிவிட்டது.

"உன்னைக் குத்தம் சொல்லல தங்கச்சி" என்றான் அவன். "நீ பண்ணது நாங்க பெத்தவங்க பண்ண வேண்டியது. ஆனா அவன் போறப்போ நாங்க பக்கத்துல இல்ல. இது கண்ணு முன்னாலயே இருக்கட்டும்."

 பருந்தக்கா அவர்களோடு லாரிவரை நடந்தாள்.

தகப்பன் லாரிமேல் நின்று மூட்டைகளை வாங்கிக்கொண்டிருந்தான். தாயின் இரு கைகளிலும் வெட்டுக்கத்திகள். சிறுமியை ஏற்றிவிட ஆளில்லை. பருந்தக்கா போய், அக்குளில் கைகொடுத்து அவளைத் தூக்கினாள். வைக்கோலைத் தூக்குவதுபோல் இருந்தது. லாரியின் பின்விளிம்பில் உட்காரவைத்து, பாவாடையைக் காலுக்கு இழுத்துவிட்டாள். எஞ்சின் உறுமிற்று. தொங்கிக்கொண்டிருந்த சின்னப் பாதம் ஒன்றை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, வண்டி நகர நகரக் கூடவே நடந்தாள்.