பேசாமல் இருக்க ஒரு புகையிலை

என் மாமனாருக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் 'முத்திரை'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவர் தெருமுனை திரும்பிய பிறகு சொல்வார்கள். எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்தார். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், இல்லாவிட்டால் அபராதம் போடுவார். கை சுத்தமான மனிதர், யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. வாங்கியிருந்தால் தேவலை, ஆள் சீக்கிரம் கிளம்பியிருப்பார் என்று கடைக்காரர்கள் புலம்புவார்களாம். ஏனென்றால் அவர் அபராதத்தோடு நிறுத்தமாட்டார். தராசை எந்த உயரத்தில் வைக்க வேண்டும், தட்டை ஏன் ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, மின்விசிறிக் காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று வகுப்பு எடுத்துவிட்டுத்தான் படியிறங்குவார். அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். அறிவுரையை நின்று கேட்டாக வேண்டும்.

அவர் ஓய்வு பெற்றதும் கடைக்காரர்கள் தப்பித்தார்கள். அத்தை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் இரண்டாவது மாடி, நானும் என் மனைவியும் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி. மாமனார் வீட்டுக்கு மேலேயே குடியிருக்கிறாயே, உனக்கென்ன ராஜ வாழ்க்கை என்று நண்பர்கள் பொறாமைப்பட்டார்கள். ஒருநாள் அவர்களை மாமாவோடு உட்காரவைத்தேன். அதற்கப்புறம் ஒருவனும் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் செருப்பைக் கழற்றும் விதம் தவறு. என் மனைவி துண்டைக் காயப்போடும் விதம் தவறு. அத்தை ஒரு முட்டையை அவிக்கப் பாத்திரத்தை எடுத்தால்கூட மாமா பின்னால் வந்து நின்றுவிடுவார்.

"தண்ணி எவ்வளவு வைக்கணும், தெரியுமா?" என்பார். தெரியாது என்றால் விளக்குவார். தெரியும் என்றால், தெரிந்துவைத்திருப்பது ஏன் தப்பு என்று விளக்குவார். முட்டை வெந்து, உரித்து, தின்று முடித்த பிறகும் விளக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவர் கையில் புகை பிடிக்கும் பைப் வந்த கதை வேடிக்கையானது. வேலையின் கடைசி நாட்களில் ஒரு புகையிலைக் கடையைச் சோதிக்கப் போயிருக்கிறார். அங்கே புகையிலை நிறுக்கும் சின்னப் பித்தளைத் தராசு ஒன்று. தன் கல், அவன் கல் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் முள் மயிரிழை பிசகவில்லையாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குத் தொண்டை அடைக்கும். என் மனைவி பிறந்ததைச் சொல்லும்போது அப்படி அடைத்து நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் அதே கடைக்குப் போய், அந்தத் தராசுக்கு மரியாதை செய்வதுபோல, ஒரு பைப்பும் ஒரு டப்பா புகையிலையும் வாங்கி வந்துவிட்டார். அதுவரை பீடி, சிகரெட் எதையும் தொட்டவரில்லை.

முதலில் அத்தை ஆடித் தீர்த்துவிட்டார். ஜன்னல்களைத் திறந்தார், திரைச்சீலைகளைத் துவைத்தார், இந்தக் கண்றாவியை வீட்டுக்குள் வைத்தால் மேலே மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டினார். நானும் என் மனைவியும் நடுங்கிப்போனோம். அத்தை வந்தால் மாமாவும் பின்னாலேயே வருவாரே!

ஒரு வாரம் போனது. சமையலறையிலிருந்து அத்தை என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளுங்க."

கேட்டேன். "ஒண்ணும் கேக்கலையே அத்தை."

"அதத்தான் சொல்றேன்!" என்றார் அத்தை. முகம் கல்யாணப் பெண்ணுடையதுபோல மலர்ந்திருந்தது.

எட்டிப் பார்த்தேன். மாமா பால்கனி நாற்காலியில் பைப்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை மாடிப்படியில் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். மாமா பார்க்கிறார், புருவம் துடிக்கிறது, ஆனால் வாய் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். சிகரெட்டை விரலில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசலாம், அதன் பாட்டுக்கு எரியும். பைப் அப்படியில்லை. விட்டுவிட்டால் அணைந்துவிடும், அவசரமாக இழுத்தால் சூடேறி நாக்கைப் பொரித்துவிடும். மூச்சு விடுவதுபோல மெதுவாக, விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நாலு வாக்கியம் பேசினால் நெருப்பு போய்விடும். நல்ல பைப் என்றால் ஒரே தீக்குச்சியில் அடிவரை எரிய வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். சரியான தராசு வைத்திருப்பவர் சொன்ன சொல், மாமாவுக்கு அது சட்டம். எரிகிறவரை 'உம்' என்பதற்கு மேல் ஒரு சத்தம் கிடையாது.

அன்றிலிருந்து அத்தை புகையிலை படிக்கத் தொடங்கினார். காய்கறி வாங்கப் போகும் வழியில் அந்தக் கடைக்கே போய், "எது ரொம்ப நேரம் எரியும்?" என்று கேட்டிருக்கிறார். வாசனை எப்படி, ருசி எப்படி என்று கேட்பவர்களையே பார்த்த கடைக்காரர் இப்படி ஒரு கேள்வியை அதற்குமுன் கேட்டதில்லையாம்.

மாமா முதலில் வாங்கிவந்தது செர்ரி வாசனை போட்ட தூள்ரகம், பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் சாம்பலாகிவிடும். வர்ஜீனியா ரகம் இனிப்புதான், ஆனால் சூடு. நாக்கு வெந்தால் மறுநாள் பைப்புக்கு லீவு, அன்று முழுக்க எங்களுக்கு வகுப்பு. பர்லி ரகம் காய்ந்த சருகு, பற்றவைத்ததும் தீர்ந்துவிடும். சர்க்கரைப் பாகில் ஊறிய ரகம் நல்ல வாசனை, ஆனால் ஈரம். நொடிக்கொரு தரம் அணையும், அணைந்த இடைவெளியில் மாமா சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிவிடுவார். புகையில் வாட்டிய லட்டாக்கியா மெதுவாக எரியும், வீடே தீப்பிடித்த மாதிரி நாறும். அத்தை நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டார். கடைசியில் கண்டுபிடித்தது, புகையிலையைக் கெட்டியாக அழுத்திப் பலகைபோலாக்கிச் சீவிய 'ஃப்ளேக்'. அதை அரைகுறையாகக் கசக்கி அடைத்தால், ஒரு தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்து, அழுது, விளம்பரம் போட்டு, மறுபடி அழுது முடியும்வரை எரிந்தது.

நான் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கு விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போகிறவன். பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அத்தை வாசல்வரை வந்து கிசுகிசுப்பார்: "வாசனை எப்படி இருந்தாலும் பரவால்ல மாப்பிள்ளை. கெட்டியா அமுக்கினதாப் பாத்து வாங்கிட்டு வாங்க."

பைப்களும் பெருகின. ஒருமுறை பிடித்த பைப்பை ஆறவிடாமல் மறுபடி பிடித்தால் கசக்கும் என்று மாமா சொல்லப்போக, அது ஆறும் நேரத்துக்கு அத்தை இன்னொன்று வாங்கினார். பிறகு அதுவும் ஆற வேண்டுமே! வளைந்த பைப் ஒன்று நான் வாங்கிக் கொடுத்தேன், அது பெரிய தப்பாகப் போயிற்று. பல்லில் கவ்வினால் தானாகத் தொங்கும். இரண்டு கையும் சும்மா இருக்க, மாமா எழுந்து வந்து வாயைத் திறக்காமலே சமையலறை அலமாரி முழுவதையும் மாற்றி அடுக்கிவிட்டார். அத்தை அதை ஒளித்துவைத்துவிட்டு, முழ நீளக் குழாய் வைத்த ஒன்றைத் தேடிப்பிடித்தார். அதைக் கையால் தாங்க வேண்டும், நாற்காலியை விட்டு எழ முடியாது.

மாமாவோ தன் ரசனைக்குக் குடும்பமே தலைவணங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். டப்பா மேலே 'காய்ந்த அத்திப்பழம், பழைய தோல், மழையில் நனைந்த மரம்' என்று அச்சடித்திருப்பார்கள். அரை கிராம் குறைந்ததற்கு ஒரு கடையையே பூட்டவைத்த மனிதர், எந்த மரம் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. கண்ணை மூடி இழுத்துவிட்டு, பைப் முடிந்ததும் எனக்கு அறிவிப்பார். "மாப்பிள்ளை, அத்தி வந்துடுச்சு. தோலும் வந்துடுச்சு. மரம் மட்டும் இன்னும் வரல." பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்போலவே சொல்வார்.

என்னைக் கேட்டால், அந்தக் குடும்பத்தின் பொற்காலம் அதுதான். அத்தை பாடிக்கொண்டே சமைத்தார். அவருக்குப் பாடத் தெரியும் என்பதே என் மனைவிக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒருநாள், பைப்பைக் கடித்துக் கடித்து ஆட்டம் கண்ட பல்லைக் காட்ட மாமா பல் டாக்டரிடம் போனார். நானும் கூடப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா, கலகலப்பாகப் பேசிக்கொண்டே வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கை ஒதுக்கிப் பார்த்தார். கலகலப்பு நின்றது.

"எத்தனை வருஷமா புகைக்கிறீங்க சார்?"

நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே அதிலிருந்து ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு எடுத்துத் தையல் போட்டார்கள். நடைபாதையில் சர்ஜன் அத்தையையும் என்னையும் தனியே கூப்பிட்டார். "ரிசல்ட் வரட்டும். மோசமா இருந்தா நாக்குல ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கும். உயிரைப் பத்திப் பயப்படாதீங்க. ஆனா பேச்சு பழையபடி வராது."

அத்தை பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

தையல் ஆறும்வரை பேசக் கூடாது என்று உத்தரவு. மாமா உத்தரவை மீறாதவர். சைகை காட்டலாமே, அதையும் காட்டவில்லை. பயந்துபோயிருந்தார். எத்தனையோ பேரைப் பயப்படுத்திய மனிதர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

நாங்கள் அத்தனை பாடுபட்டுத் தேடிய அமைதி இப்போது இரவும் பகலும் தாராளமாகக் கிடைத்தது. அத்தையால் அதில் ஒரு மணி நேரம்கூட இருக்க முடியவில்லை. அவரைச் சீண்டுவதற்காகவே தண்ணீர்க் குழாயைச் சொட்டவிட்டார். மாமா கண்ணெதிரிலேயே திரைச்சீலையைத் தலைகீழாக மாட்டினார். மாமா அதைப் பார்த்தார், திரும்பிப் படுத்துக்கொண்டார். அத்தை சமையலறைக்கு ஓடிவந்து முந்தானையை வாயில் வைத்து அழுதார்.

"நான்தான் மாப்பிள்ளை. நானே தேடித் தேடி வாங்கிக் குடுத்துட்டேன்."

"அவரா ஆரம்பிச்சதுதானே அத்தை."

"ஒரு பைப் அவர் வாங்கினாரு. மீதிய யாரு வாங்கினது?"

நான் விற்பனைப் பெட்டியைச் சரிபார்க்கப் போவதுபோல நழுவிவிட்டேன்.

ரிசல்ட் வந்தது. தப்பித்தார். இப்போதைக்கு மோசமில்லை, ஆனால் இனிப் புகையை மறந்துவிட வேண்டும், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார் சர்ஜன். "இனிமே நல்லாப் பேசலாம் சார்," என்று முதுகில் தட்டினார். மாமா தலையாட்டினார். டாக்ஸியில் பேசவில்லை. டிரைவர் தப்பான வழியில் போனார், அதற்கும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை எல்லாப் பைப்களையும் டப்பாக்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினார். அதை வாசலில் வைத்துவிட்டு வந்து மாமா எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் கண்ணைக் காட்டியும் கேட்கவில்லை, சொல்லிவிட்டார்.

"நீங்க பேசாம இருக்கணும்னுதாங்க வாங்கினேன். உங்க ரசனைக்காக இல்ல. எது ரொம்ப நேரம் எரியுமோ அதாப் பாத்து வாங்கினேன். உங்க பேச்சைத் தாங்க முடியல, அதான். இந்த நாக்குக்கு நான்தாங்க காரணம்."

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது திட்டுங்க," என்றார் அத்தை.

மாமா தொண்டையைச் செருமினார். நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை, சொற்கள் குழறி வந்தன.

"டப்பாவ எங்க வச்சிருந்த?"

அத்தைக்குப் புரியவில்லை. "அடுப்புக்கு மேல, அலமாரில."

"அடுப்புக்கு மேலயா வைக்கறது? சூட்டுல புகையில காஞ்சு போயிடாது? காஞ்ச புகையில சீக்கிரம் எரியும். ஒவ்வொரு பைப்புலயும் உனக்குக் கால்வாசி நேரம் நஷ்டம். இத்தனை நாளும் நஷ்டம்! ஜன்னல் பக்கம் நிழல்ல வச்சிருந்தா உனக்கு இன்னும் எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும்? ஒரு காரியம் செஞ்சா உருப்படியாச் செய்ய வேணாமா?"

அத்தை சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து ஒரு சத்தம் வந்தது. மாமா அதைப் பொருட்படுத்தாமல் டப்பாவின் மூடியைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். மூடியில் எத்தனை வகை, எந்த மூடியில் காற்று புகும், எதில் புகாது.

நான் மெல்ல எழுந்தேன். அத்தை திரும்பிப் பார்க்காமலே என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை," என்றார். "மாமா பேசிட்டு இருக்காருல்ல?"