அலைக்கு முன்னால் ஓடுபவள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு துணிக்கடையின் மாடியில், ஆறு பேர் உட்கார்ந்து செல்போன் கேம்கள் செய்துகொண்டிருந்தோம். மற்றவர்கள் வரைந்து தரும் உருவங்களை நடக்கவும் ஓடவும் வைப்பது என் வேலை. ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண்.

போன வருடம் ஒரு புது கேம் தொடங்கினோம். கடற்கரையில் ஒரு மீனவப் பெண் ஓடுவாள். பின்னாலேயே பேரலை துரத்தும். படகு, வலை, கயிறு எல்லாவற்றையும் தாண்டி அவள் தப்பிக்க வேண்டும். கேட்டதுமே எனக்குக் கை பரபரத்தது. நான் கனகசெட்டிக்குளம் மீனவக் குப்பத்துக்காரி. அலைக்கு முன்னால் ஓடுவது எப்படி என்று எனக்கா தெரியாது?

இரண்டு நாளில் நாயகியின் உருவம் என் கணினிக்கு வந்தது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இடுப்பு. முழங்கால் வரை அவிழ்ந்து தொங்கும் கூந்தல். காதிலும் கையிலும் மின்னும் நகை. காலில் குதிகால் உயர்ந்த செருப்பு.

"ஓடும்போது இடுப்பு நல்லா ஆடணும்மா. அதப் பாத்துதான் டவுன்லோட் பண்ணுவாங்க" என்றார் முதலாளி.

"இப்டி ஓடுனா முதல் அலையிலயே மாட்டிக்குவா சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உருவத்தை வரைந்த நண்பன் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினான்.

"இது கேம்ங்க. ஆம்பள ஹீரோவுக்கும்தான் மலை மாதிரி தோள் வரையறேன். அப்ப நீங்க ஏன் சண்டைக்கு வரல?"

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் அதற்குப் பதில் தோன்றியது: அந்தத் தோளை வைத்து ஹீரோ மதில் ஏறுவான், பாறையைப் புரட்டுவான். இவளுக்குக் கொடுத்த எதுவும் ஓடுவதற்கு உதவாது. மறுநாள் காலை நண்பன் பையை இறக்கி வைப்பதற்குள் இதைச் சொல்லிவிட்டேன். அவன் யோசித்தான். "சரி, அப்ப எப்டி ஓடணும்னு காட்டுங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அண்ணி மீன் விற்பவள். தினமும் படகு வந்ததும் மீன் அள்ள அன்னக்கூடையோடு ஓடுகிறவள்.

"இன்னா பாப்பா, நான் ஓடுறதயா படம் புடிக்கப் போற? ஊரே சிரிக்கும்" என்றாள். சொல்லிக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகினாள். கூந்தலை முடிந்தாள். ஓடினாள்.

நான் செல்போனில் படம் பிடித்தேன். ஈர மணலில் அவள் குதிகால் படவே இல்லை. கால்விரல்கள் மணலைக் கவ்வின. உடம்பு முன்னால் சாய்ந்தது. கை இரண்டும் காற்றைத் தள்ளின. இடுப்பு ஆடவில்லை, அதுதான் மொத்த உடம்பையும் தாங்கியது. பார்த்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பெண்கள், "இரு, நாங்களும் வர்றோம்" என்று இறங்கிவிட்டார்கள். கடைசியில் அது பந்தயமாகிவிட்டது. அண்ணிதான் ஜெயித்தாள்.

மூன்று நாள் சோறு தண்ணீர் மறந்து வேலை செய்தேன். நாயகியின் செருப்பைக் கழற்றினேன், கூந்தலை முடிந்தேன். வளையல், கம்மல் என்று மின்னியதையெல்லாம் எடுத்துப் போட்டேன். பெரிய திரையில் அவள் ஓடியபோது, அந்த நண்பன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "யப்பா, நமக்கு மூச்சு வாங்குதே!"

முதலாளிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் படிக்கும் பெண்களைக் கூப்பிட்டு இரண்டு நாயகிகளையும் ஆடிப் பார்க்கச் சொன்னார். எல்லோரும் என்னுடையவளைத்தான் திரும்பத் திரும்ப ஆடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது ஒருத்தி நிமிர்ந்து கேட்டாள்:

"ஓட்டம் சூப்பர்க்கா. ஆனா ஒரு கம்மல்கூட ஏன் இல்ல? ஓடுறவ அழகா இருக்கக் கூடாதா?"

முகத்தில் அடித்தது போலிருந்தது. அண்ணி ஓடியபோது அவள் காதில் கம்மல் ஆடியதை நானே படம் பிடித்திருக்கிறேன். முதலாளியின் ஆசைக்கு ஒரு பெண்ணைச் செய்யக் கூடாது என்று சண்டை போட்ட நான், என் கோபத்துக்கு ஒருத்தியைச் செய்து வைத்திருந்தேன். நண்பனிடம் போய் நின்றேன். அவன் கேலி செய்யவில்லை. கம்மல், கண்ணாடி வளையல், கிளிப்பச்சைப் புடவை எல்லாம் ஒரே மதியத்தில் போட்டுக் கொடுத்தான்.

"இவளையே வச்சு கேம ரிலீஸ் பண்ணுவோம்" என்றார் முதலாளி.

கேம் வெளியான அன்று முதல் விமர்சனம் மதியம் வந்தது. "ஹீரோயின் கிளாமரா இல்ல" என்று ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். மனசு தளர்ந்துவிட்டது. அடுத்த சில நிமிடங்களில் யாரோ ஒரு பெண், "எங்க சித்தி மாதிரியே ஓடுறா" என்று எழுதினாள். அப்புறம் இன்னொருவர், அதற்கொரு எதிர்ப்பு, அதற்கொரு பதில். முகம் தெரியாதவர்கள் நான் ஓடவைத்த பெண்ணுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். திறந்த சாப்பாட்டு டப்பாவை அப்படியே வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தேன். மற்ற ஐந்து பேரும் என் நாற்காலியைச் சுற்றி நின்று, "அடுத்தது, அடுத்தது" என்று கத்தினார்கள்.