காம்பறுத்த காளான்

ஞாயிறு காலை பத்தரைக்கு மாரிகுப்பம் ரயிலிலிருந்து, பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் இறங்கினேன். பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். டிக்கெட் முப்பது ரூபாய். இரண்டு நாளாக இடியும் மழையும். "எங்க வீட்டுப் பின்னாடி புத்துல காளான் வந்திருக்கு, வந்து பாரு" என்று என் விடுதித் தோழி ஸ்டெல்லா அழைத்திருந்தாள். நான் தாவரவியல் முதுகலை மாணவி.

ஸ்டெல்லா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சர்ச்சுக்குப் போய்வந்த புடவையோடு அவள் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அருகில் அவள் அண்ணன் ஜானி; அவன் பறித்த காளான், கூடை நிறைய.

"வாம்மா. நீ பார்த்துச் சரின்னா கொழம்பு."

மண்ணுக்கடியில் கறையான்கள் பயிரிட்டு வளர்ப்பது புற்றுக்காளான். குடை நடுவில் கூர்முனை இருக்கும். காம்பு வேர்போல நீண்டு கறையான் கூட்டைத் தொடும். அந்த வேரைத்தான் நான் நம்புவேன். கூடையில் ஒன்றுக்கும் வேர் இல்லை.

"காம்பு எங்கண்ணா?"

"கத்தில அறுத்துட்டேன். மண்ணோட கொண்டாந்தா அம்மா கத்தும்."

"எல்லாம் புத்துலயா?"

"முக்கால்வாசி. மீதி கிரவுண்டு புல்லுல. எல்லாம் வெள்ளையாத்தானே கீது?"

புல்லில் வரும் நச்சுக்காளான் ஒன்றும் இளசில் வெள்ளைதான். முற்றிய பிறகே குடையின் அடியிலுள்ள மடிப்புகள் பச்சையாகும். நான்கைந்தில் காம்பைச் சுற்றி வளையம் இருந்தது. நச்சுக்காளானுக்கு அது உண்டு. புற்றுக்காளானிலும் சில வகைக்கு உண்டு.

"இன்னா எம்எஸ்சிம்மா இது? ஒரு காளானைப் பார்த்துச் சொல்ல முடியல!" ஜானி சிரித்தான்.

காது சுட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். 'தெரியாது' என்பது என் வாயில் லேசில் வராது.

"தெரியல. எல்லாத்தையும் கொட்டிடுங்க ஆண்ட்டி."

"ஒரு கூடை, கண்ணு" என்றார். பிறகு கொட்டிவிட்டு முட்டை வேகவைத்தார்.

வளையமுள்ள ஒரு குடையை மட்டும் கண்ணாடித் துண்டில் கவிழ்த்து வைத்திருந்தேன். மாலை கிளம்பும்போது எடுத்தேன். குடையிலிருந்து பச்சை வித்துத்தூள் உதிர்ந்திருந்தால் நஞ்சு. உதிர்ந்திருந்தது வெளிர் ரோஜா நிறம்; புற்றுக்காளான்.

"நல்லதைப் போய்க் கொட்ட வெச்சியே!" என்றான் ஜானி.

"இது ஒண்ணு நல்லதுண்ணா. மத்தது?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கும் தெரியாது."

இம்முறை அது சுலபமாக வந்தது. ரயிலில் உட்கார்ந்த பிறகு எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா வீட்டில் என்னைக் கேலி செய்ய ஒருவராவது இருந்தார். எங்கள் வீட்டில் நான் 'சரி' என்றிருந்தால், படித்தவள் சொல்லிவிட்டாள் என்று அம்மா மறுபேச்சில்லாமல் குழம்பை இறக்கி, முதல் கவளத்தைத் தம்பிக்கு ஊட்டியிருப்பாள்.