முன்பக்கம் பீங்கான், பின்பக்கம் கூடை

போன வியாழக்கிழமை காஞ்சிபுரத்தில், என் மாமனார் வீட்டில் நடந்தவை:

1. காலையில் பின்சந்து வழியாக முனியம்மா வந்தார். எங்கள் தெரு வீடுகளின் கக்கூஸ்களைச் சுத்தம் செய்து, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போகிறவர்.

2. என் மாமியார் வழக்கம்போல் கிணற்றடிக் கதவைச் சாத்தினார்.

3. முனியம்மா சத்தம் போட்டார். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவையாம்.

4. எங்கள் வீட்டுக் கக்கூஸைத் தொடாமல் போய்விட்டார்.

5. மாலையில் ஊர் வாசகசாலையில் என் கணவர் பேசினார். தலைப்பு: 'ஜெர்மனியில் நான் கண்ட சமத்துவம்'.

6. பலத்த கைதட்டல்.

7. நான் கைதட்டவில்லை.

ஏன் தட்டவில்லை என்று வீட்டில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மேற்கு ஜெர்மனியில் இருப்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இவருக்கு ஒரு மெஷின் தொழிற்சாலையில் வேலை. எனக்கு நகரசபையில், சாக்கடைப் பிரிவில் வரைபடம் போடும் வேலை. ஆமாம், சிவில் டிப்ளமா படித்துவிட்டுச் சாக்கடைதான் வரைகிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறோம்.

அங்கே நாங்கள் குடியிருப்பது பழைய கட்டடம். படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு கக்கூஸ். எங்களுக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் பொது. அதையும் படிக்கட்டையும் ஒரு வாரம் அவர் கழுவ வேண்டும், மறுவாரம் நாங்கள். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். முதன்முதலில் அது எங்கள் கதவில் தொங்கியபோது இவர் என்ன நினைத்தார் தெரியுமா? புதிதாக வந்தவர்களுக்கு வரவேற்புப் பரிசு என்று! எடுத்துத் துடைத்து, உள்ளே அலமாரியில் அழகாக வைத்துவிட்டார். வாரக் கடைசியில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எதிர்வீட்டுக்காரர் யார்? கோர்ட்டில் பெரிய உத்தியோகஸ்தர். தன் முறை வந்தால் ஏப்ரன் கட்டிக்கொண்டு, முட்டி போட்டுக் கழுவுவார். இவருக்கு அது பெரிய தரிசனமாகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் முறை வந்தால் இவர்தான் முதலில் பிரஷ்ஷை எடுப்பார். பாட்டு வேறு பாடுவார். வாசகசாலையில் இவர் பேசியதும் அந்தக் கோர்ட் உத்தியோகஸ்தரைப் பற்றித்தான். "தன் கக்கூஸைத் தானே கழுவுகிறவன்தான் சுதந்திர மனிதன்!" என்று முடித்தார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள்.

அன்று காலை முனியம்மா சத்தம் போட்டபோது இவர் எங்கே இருந்தார்? முன்கூடத்தில், அந்தப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார்.

இப்போது பீங்கான் கதைக்கு வருகிறேன்.

போன வருடமே அங்கிருந்து ஒரு வரைபடம் போட்டு அனுப்பியிருந்தேன். வீட்டுக்கு செப்டிக் டேங்க். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஆழம், எத்தனை செங்கல்... எல்லாம் குறித்து. கட்டிவிட்டால் யாரும் வந்து அள்ள வேண்டியதில்லை. மாமா சொந்தமாகத் தறிகள் வைத்திருப்பவர், நல்ல மனிதர். வரைபடம் கிடைத்தது என்று கடிதமும் போட்டிருந்தார்.

வந்து இறங்கிய அன்றே என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

"பாரும்மா! மெட்ராஸ்லேர்ந்து லாரில வந்துது. ஃபாரின்ல இருக்கிற புள்ளைக்குக் குந்தி எழ கஷ்டமா இருக்குமேன்னு வாங்கினேன். தெருவுல மொதல்ல நம்ம வூட்லதான்!"

மேடை கட்டி, அதன் மேல் பளபளவென்று வெள்ளைப் பீங்கான் கம்மோடு. மேலே தண்ணீர்த் தொட்டி. இழுக்கச் சங்கிலி. தொட்டிக்குக் குழாய் மட்டும் இல்லை. குடத்தில் எடுத்து ஊற்ற வேண்டும்.

"டேங்க் எங்கே மாமா?"

"அதுக்கென்னாம்மா, அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல குந்தற எடம் நல்லா இருக்கணுமில்ல?"

அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள். காபி கொடுத்தோம். ஒருவராவது, 'இதில் போகிறது எங்கே போகிறது?' என்று கேட்கவில்லை. நான் பின்சந்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டு மருமகள் யாரும் அதுவரை அந்தச் சந்தில் கால் வைத்ததில்லையாம். மேடையிலிருந்து ஒரு குழாய் இறங்கி, சுவரில் உள்ள பழைய திறப்பில், பழைய தகரத்தில் முடிந்தது.

அதாவது... தண்ணீர் ஊற்றும் கக்கூஸ். தண்ணீர் போக வழி கிடையாது. சாம்பல் தூவி அள்ளியதை இப்போது குழம்பாக்கி வைத்திருந்தார்கள். இப்படி ஒன்றை வரைந்து கொடுத்தால் எங்கள் ஆபீசில் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வியாழக்கிழமை முனியம்மாவின் குரல் கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு சந்துக்குப் போனேன்.

"மின்ன சாம்பல் போட்டு அள்ளிக்கினு போனேன். இப்போ கொடம் கொடமா ஊத்துறீங்கோ. கூடையில தண்ணி நிக்குமா? தலையில ஒழுவுது, முதுவுல ஒழுவுது. பீங்கான் வாங்கினவங்களே வந்து அள்ளிக்கட்டும்!"

உள்ளேயிருந்து என் மாமியார், "யாராண்டம்மா பேசிக்கினு இருக்கிற? உள்ள வா!" என்றார்.

நான் போகவில்லை. டேங்க் கட்டப்போகிறோம், இனி நீங்கள் இங்கே அள்ள வேண்டியிருக்காது என்று முனியம்மாவிடம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்கு ஒரு வீட்டு வேலை போய்விடுமே..." என்று பெரிய கருணையோடு இழுத்தேன்.

முனியம்மா சிரித்தார்.

"ஒரு வூடு போனா இன்னா? தெரு பூரா இருக்குது. நீ கவலப்படாதம்மா."

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

மறுநாள் மாமாவிடம் வரைபடத்தை மறுபடி விரித்தேன். நான் குறித்திருந்த இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. அது சாயம் தோய்த்த பட்டு நூலைக் காயப் போடும் இடம்.

"பட்டு காயற எடத்துல பீக்குழி தோண்டச் சொல்றியா?"

"மேலே கான்கிரீட் மூடி வரும் மாமா. அதன் மேலேயே காயப் போடலாம்."

"நல்லாருக்குது நாயம்! லட்சுமியக் கொண்டுபோயி அதும்மேல குந்த வைக்கவா? கல்யாணப் பொண்ணுங்க கட்டற பொடவம்மா அது!"

பட்டுக்குக் கீழே, மண்ணுக்குள், கண்ணில் படாமல் இருந்தால் தீட்டு. ஒரு மனுஷியின் தலைமேல் இருந்தால் தீட்டில்லை. இதை அப்படியே மாமாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். என் கணவர்? "அப்பாகிட்ட இப்படியா பேசறது?" என்றார்.

வேறு ஆள் தேடினார்கள். பீங்கான் விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் வரவில்லை. வீட்டில் அத்தனை பேரும் அதையேதான் உபயோகித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணக் கோஷ்டி புடவை பார்க்க வந்தது. மாமா ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு சித்தி. பிறகு பெண். "இன்னொரு நாள் வரோம்பா" என்று எழுந்துவிட்டார்கள். மாமா விரித்த புடவைகளை மடிக்கக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "தோண்டித் தொலை" என்றார்.

நியாயம் செய்யாததை நாற்றம் செய்தது.

கொத்தனார் வந்து பார்த்தார். "மொதல்ல இருக்கிறத எடுங்கம்மா. அப்பறந்தான் நாங்க கை வைப்போம்" என்றார். அதுவும் நியாயம்தானே? அவர் ஏன் அள்ள வேண்டும்?

நான் இவரிடம் போனேன். கோபத்தைக் காட்டாமல்தான் கேட்டேன்.

"இது யார் வாரம்?"

புரிந்துகொண்டார். "விளையாடாதே. அது வேற, இது வேற."

"எது வேற?"

"அங்க பிரஷ் இருக்கு, மருந்து இருக்கு..."

"அந்தப் பிரஷ்ஷை அங்கிருந்து கொண்டுவந்திருக்கிறோம், பெட்டியில் இருக்கிறது. மருந்து கடையில் இருக்கிறது."

பிறகு சொன்னார்: "அங்க நம்மள யாருக்குத் தெரியும்? இங்க நான் அப்பாவோட புள்ள. தெருவே பாக்கும்."

நன்றாகக் கவனியுங்கள். இவர் கெட்டவர் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். அங்கே இவர் கழுவியது சமத்துவத்தால் இல்லை. யாரும் அல்லாதவராக இருந்ததால்! ஊர் பேர் தெரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் சமமாக இருந்துவிடலாம். அதற்கு ஒரு செலவும் இல்லை. நம்மில் எத்தனை பேர் வெளிநாட்டில் பாத்திரம் கழுவுகிறோம், குப்பை கொட்டுகிறோம், பெருமையாகக் கடிதத்திலும் எழுதுகிறோம்! மீனம்பாக்கத்தில் இறங்கியதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். நானும்தான்... இந்தப் பத்தியில் அந்த மரப்பலகையைப் பற்றி மூன்று வாரம் வேடிக்கையாக எழுதினேன். முனியம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

அன்று நான்தான் அள்ளினேன், கழுவினேன். மாமியார் வாசற்படியில் நின்று, "ஐயோ, ஐயோ, மருமவளே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பின்சந்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர்ச் சந்து அம்மாள் ஒருவர், "ஜெர்மனில இதான் வேலையாம்மா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். இரண்டு தடவை சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். ஒரு நாள் வேலைக்கே இப்படி. இதில் மெச்சிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இன்றைய நிலவரம் இதுதான். குழி தோண்டியாகிவிட்டது. செங்கல் சுவர் பாதி எழுந்திருக்கிறது. பின்சந்துத் திறப்பைக் கொத்தனார் நேற்று அடைத்தார். பட்டு நூல் மொட்டை மாடியில் காய்கிறது. மாமா என்னிடம் காபி கேட்கும் அளவுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார். மாமியார் தூரமாக நின்று பேசுகிறார். இவர் பேசவே இல்லை. ஜெர்மனிக்குத் திரும்ப டிக்கெட் இரண்டு பேருக்கும் இருக்கிறது. மூடி போட்டு முடிக்காமல் நான் விமானம் ஏறுவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். தனியாகப் போவதா, காத்திருப்பதா என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

தெருவின் மற்ற வீடுகளுக்கு முனியம்மா நாளைக் காலையும் வருவார்.