வாசலில் கிடந்த ஸ்பேனர் யாருடையது?

போன வாரம் எங்கள் வீட்டு மணி அடித்தது. பக்கத்து வீட்டு கதீஜா அக்கா. இரண்டு கையாலும் அந்த ராட்சச ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க நிற்கிறார்.

"தம்பி, சனிக்கிழம பூன் லேக்கு மகள் வீட்டோட குடி போறேன்ல… ஒங்க சாமான், இந்தாங்க."

"எங்க சாமானா? அது உங்களுதுதானே அக்கா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பதினோரு வருஷம்! ஃபேரர் பார்க் அடுக்குமாடியில் எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் சுவரோரம் கிடந்தது அது. காற்றில் எந்தக் கதவு அடித்தாலும் அதை நகர்த்தி முட்டுக்கொடுப்போம். ஆயுத பூஜைக்கு என் மனைவி மல்லிகா, வாசலில் கிடப்பதை மட்டும் ஒதுக்க மனம் வராமல், அதற்கும் ஒரு பொட்டு வைப்பாள். சாமி சாமானாயிற்றே என்று அக்கா அதைத் துரு பிடிக்காமல் எண்ணெய் போட்டுத் துடைப்பார். துடைப்பதைப் பார்த்து, அது அவருடையது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கேட்டால் என்ன? கேட்கமாட்டோமே… மரியாதை!

அக்கா முகம் வாடிவிட்டது.

"அப்ப இது யாரோ நம்பி விட்டுட்டுப் போன அமானத்து. உடையவங்க கையில சேர்க்காம நான் எப்படித் தம்பி வீடு மாறுறது?"

சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான். உடையவரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், முதலில் அது என்ன என்று தெரிய வேண்டும். ஒரு முழ நீளம். பத்துக் கிலோ அரிசிப் பை கனம். ஒரு முனையில் என் முஷ்டியே நுழைகிற வளையம். அத்தனை பெரிய வளையத்துக்கு இத்தனை குட்டைக் கைப்பிடியா? பிடித்துத் திருகவே முடியாதே!

ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நண்பன் செல்வம் நினைவுக்கு வந்தான். பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலுக்குப் போனேன். ஸ்டேஷனில் பையைச் சோதித்த பெண் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், இது என்ன?"

"அதக் கண்டுபிடிக்கத்தாம்மா போறேன்."

ஒரு நிமிஷம் யோசித்தார். "கண்டுபிடிச்சா வர்றப்ப சொல்லிட்டுப் போங்க லா," என்று விட்டுவிட்டார்.

செல்வம் பார்த்ததும் சிரித்தான்.

"டேய், இதக் கையால திருகுறதில்ல. பெரிய நட்டுல மாட்டிட்டு, வால்ல சம்மட்டியால அடிக்கிறது. பாரு, அடி வாங்கி வாங்கி எப்படி நசுங்கியிருக்கு! இப்பவும் எங்க யார்டுல இருக்கு, ஆனா எல்லாம் மில்லிமீட்டர். இதுல அங்குலம் போட்டிருக்கு. ரொம்பப் பழசு."

"யாருதுன்னு சொல்ல முடியுமா?"

"யார்டு நம்பர் இருந்த எடம் தேஞ்சு போச்சே. எந்த யார்டோ, எந்த ஆளோ! அது சரி, அந்தப் பொட்டு யாருடா வச்சது?"

திரும்பும்போது ஸ்டேஷன் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அக்காவிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. என்ன என்று தெரிந்துவிட்டது. யாருடையது என்று தெரியவில்லையே?

செல்வம் சொன்னதைக் கேட்டுவிட்டு, அக்கா ஸ்பேனரை வாங்கி ஒரு முறை துடைத்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"உடையவங்க வர்ற வரைக்கும் நாம ரெண்டு பேரும் பொறுப்பு. ஆறு மாசம் என் வீட்ல, ஆறு மாசம் ஒங்க வீட்ல. வந்து வாங்கிக்கணும். கொண்டாந்து குடுக்கணும். ஆள் விட்டு அனுப்புற வேலையெல்லாம் கூடாது."

சனிக்கிழமை லாரியில் கடைசியாக ஏறியது ஸ்பேனர். முதல் முறை அவருடையது. மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதற்கு ஒரு பொட்டு வைத்தாள். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். எண்ணெய்ப் பாட்டில் அவர் கைப்பையிலேயே இருந்தது.

இப்போது எங்கள் கதவு நாளைக்கு நான்கு முறை டமாரென்று அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் நானும் மல்லிகாவும் பக்கத்து வாசலைப் பார்க்கிறோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை… ஆறு மாதம் எப்போது முடிவது?

வரும் ஞாயிற்றுக்கிழமை பூன் லே போகிறோம். ஸ்பேனர் சௌக்கியமா என்று பார்க்கத்தான்… அக்காவின் பிரியாணி தற்செயல்!