பன்னிரண்டு சிரட்டையும் பாட்டு பீரியடும்

ஒரு துவக்கப்பள்ளியில் எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்த கிளாஸில் போய் உட்கார வேண்டியவள் யாரோ, அவள்தான் பாட்டு டீச்சர். நீங்களும் பாட்டோ படமோ பி.டி.யோ எடுக்கிறவர்கள் என்றால் இந்த ஒரு வரியிலேயே பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நன்றாக விடுங்கள், நானும் கூட விடுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் குலசேகரம் பக்கம். சுற்றிலும் ரப்பர் தோட்டம். நான் மார்த்தாண்டத்திலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, தோளில் கீபோர்டைத் தொங்கவிட்டு வருகிறவள். ஒன்று முதல் ஐந்து வரை, வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியடு. ஒரு பீரியடு நாற்பது நிமிஷம். அதில் பத்து நிமிஷம் தண்ணீர் குடிக்கவும் ஒன்றுக்குப் போகவும் போய்விடும். மீதி முப்பது நிமிஷத்தைப் பிள்ளைகளுக்குச் சலிக்காமல் எப்படி ஓட்டுவது என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க நான் சலித்துக்கொண்டிருப்பேன்.

கட்டம்

பாடக்குறிப்பு நோட்டில் 'கற்றல் விளைவு' என்று ஒரு கட்டம் உண்டு. பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும் என்று அதில் எழுத வேண்டும். கணக்கு எடுப்பவர்களுக்கு லேசு, 'மூன்றிலக்கக் கூட்டல் அறிவர்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். 'யானை நடக்கிற மாதிரி ஒரு தாளம், எலி ஓடுகிற மாதிரி ஒரு தாளம்' என்று நான் ஆடிக் காட்டிய பாடத்துக்கு என்ன விளைவு எழுத? யோசித்து யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம். கட்டத்தை அப்படியே வெறுமனே விட்டுவிட்டேன்.

எங்கள் ஹெச்.எம். நல்ல மனுஷி. கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க அவருக்கு நேரமிருக்காது. ஆனால் காலியாக இருந்தால் மட்டும் கண்ணில் பட்டுவிடும். நோட்டு திரும்பி வந்தது, கூடவே ஒரு சேதியும் வந்தது. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு பாட்டை எடுத்துவிட்டு அபாகஸ் வைக்கலாம் என்று தாளாளர் நினைக்கிறாராம். அதற்கு முன் ஒருநாள் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்து முடிவு சொல்வாராம். பாட்டு போனால் நானும் போக வேண்டியதுதான். பதினோரு வருஷம் இந்தப் பிள்ளைகளோடு கத்தியிருக்கிறேன், எனக்கு ஒரே வெப்ராளமும் அழுகையுமாக வந்தது. "இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். ஹெச்.எம். நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"மொதல்ல அந்தக் கட்டத்த நிறைச்சுக் கொண்டு வாங்க, ஷீபா டீச்சர்."

சிரட்டை

தாளாளர் வருவதற்குள் இரண்டாம் வகுப்பைத் தேற்றிவிட வேண்டும் என்று புதிதாக ஒரு பாடம் திட்டம் போட்டேன். ஆளுக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை. ஒன்றோடு ஒன்று தட்டினால் 'டொக் டொக்' என்று குதிரை ஓடும். செலவில்லாத வாத்தியம். டைரியில் எழுதி அனுப்பினேன்: 'நாளை அனைவரும் இரண்டு சிரட்டை கொண்டு வரவும்.'

வீட்டில் துருவின தேங்காயின் சிரட்டை என்று எழுதாமல் போனேன், அதுதான் தப்பு. இங்கே பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரர்கள். அதுகளுக்குச் சிரட்டை என்றால் ரப்பர் மரத்தில் கம்பியில் தொங்குவது, பால் வடிந்து விழுவது. மறுநாள் அபிஷா என்கிற குட்டி ஒரு சாக்குப் பை நிறையக் கொண்டுவந்து தோழிகளுக்கெல்லாம் பங்கு வைத்தாள், மற்றதுகள் வெறுங்கையோடு வந்திருந்தன. நான் "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் போட்டேன், அதுகள் தட்டின. சத்தமே இல்லை. உள்ளே காயாத பால், இரண்டு சிரட்டையும் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கிறது. அந்தப் பீரியடு முழுக்க நான் பிள்ளைகளின் விரலிலிருந்து சிரட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு அபிஷாவின் அப்பா வந்தார். விடியும் முன்னே மரத்தையெல்லாம் பால் வடியக் கீறிவிட்டு, பிறகு பால் எடுக்கப் போய்ப் பார்த்திருக்கிறார். பாதையோரம் பன்னிரண்டு மரத்தில் சிரட்டை இல்லை, பால் பூராவும் தரையில். மனுஷன் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் பை நிறையச் சிரட்டையை வாங்கிக்கொண்டு, என்னைவிடக் களைத்துப்போய் நின்றார். வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பைய சொன்னார்:

"பிள்ள பாட்டு படிக்கட்டும் டீச்சர், நான் வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா மரம் பாலு தாறது பாட்ட கேட்டு இல்ல, சிரட்டைய நம்பியாக்கும்."

ஒரு நிமிஷ மௌனம்

ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்: பாட்டு என்பது காது, பிள்ளைகளை ஒரு நிமிஷம் கண்ணை மூடச் சொல்லுங்கள், கேட்ட சத்தங்களைப் பட்டியல் போடச் சொல்லுங்கள் என்று. எனக்கும் தொண்டைக்கு ஓய்வு கிடைக்குமே என்று ஒன்றாம் வகுப்பில் செய்து பார்த்தேன். ஆச்சரியம், அத்தனையும் கண்ணை மூடிக்கொண்டு கமுக்கமாக இருந்தன. நானும் மூடிக்கொண்டேன், பொய் சொல்வானேன், கொஞ்சம் அசந்தும் போனேன். எழுந்து, "யாரு எத்தன சத்தம் கேட்டிய?" என்று கேட்டேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு பயல் விரலை மடக்கி மடக்கிச் சொன்னான்:

"நாலு டீச்சர். காக்கா, பஸ்ஸு, ராஜன் சாரு, ஒங்க வயிறு."

ஏழாம் வாய்ப்பாடு

மேலே சொன்ன ராஜன் சார் பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் பலகைத் தட்டிதான் சுவர். இந்த முறை அடுக்களைச் சிரட்டையாக, கழுவிக் காய வைத்தது கொண்டுவந்து, இரண்டாம் வகுப்பு ஒரு வாரத்தில் நன்றாகத் தட்டப் பழகிவிட்டது. ஒருநாள் ராஜன் சார் வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவரோ அழாத குறையாகச் சொன்னார்:

"டீச்சர், ஒங்க சிரட்ட நிக்கும்போ எனக்க பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடும் நின்னு போவுது. ஒண்ணு விடாம அடிங்க, இல்லேன்னா அடிக்கவே அடிக்காதிய."

மீன்காரர்

'வீட்டில் கேட்கும் ஒரு பாட்டைப் பாடிக் காட்டு' என்று இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒருத்தி சர்ச் பாட்டு, ஒருத்தன் அவர்கள் சாமி கும்பிடுகிற பதியில் படிக்கிற உகப்படிப்புப் பாட்டில் நாலு வரி, இன்னொருத்தன் ஒரு சினிமாப் பாட்டு. அந்த மூன்றாவதை நான் இரண்டாம் வரியிலேயே கையைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு அபிஷா எழுந்தாள். இரண்டு கையையும் வாயோரம் குவித்துக்கொண்டு ஆரம்பித்தாள்: "மீனேய்... சாள, அயில, நெத்தோலி மீனேய்..."

கடியப்பட்டணத்திலிருந்து பெட்டி கட்டிய வண்டியில் வருகிற மீன்காரரின் கூவல். கிளாஸ் முழுக்க, முப்பத்திநாலு பிள்ளைகளும், கூடவே கூவின. ஒரே சுருதியில்! மூன்று மாதமாக நான் கீபோர்டை வைத்துக்கொண்டு 'ச' எங்கே, 'ச' எங்கே என்று இதுகளோடு தேடிக்கொண்டிருந்தேன், அது மீன்பெட்டிக்குள் இருந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "முழுசும் பாடு மக்களே, இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். அபிஷா சொன்னாள்:

"பச்ச மீனுக்குத்தான் பாட்டு டீச்சர். ஐஸ் மீனுன்னா அவரு ஹாரன் மட்டும் அடிப்பாரு."

தாளாளர் வந்த நாள்

அன்றைக்கு என்று நாலு பக்கம் பாடக்குறிப்பு. ஸ்வரம் எழுதிய வண்ண அட்டைகள். கீபோர்டு. எல்லாம் சுத்தமாகத் தயார். மீன் பாட்டு வாயிலேயே வரக் கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். தாளாளர் வந்து கடைசிப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தார். நான் கீபோர்டைத் தட்டினேன், கரண்டு போயிற்று. அடுத்த நிமிஷம் தகரக் கூரை மேல் மழை. குலசேகரத்து மழை, தெரியுமல்லவா? நான் 'ச' பாடினால் என் காதுக்கே கேட்கவில்லை. அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஊமை மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினேன். பத்து நிமிஷம் அப்படியே போயிற்று. பதினோரு வருஷம் இப்படியா முடிய வேண்டும் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

சவம், வருவது வரட்டும் என்று சிரட்டையை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். முப்பத்திநாலு ஜோடிச் சிரட்டை. மழை ஓங்க ஓங்க அதுகளும் ஓங்கித் தட்டின. தட்டிக்கு அந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு தானாகக் கிளம்பிற்று. பின்னாலிருந்து ஒரு குரல் "மீனேய்" என்றது. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சத்தியமெல்லாம் மழையோடு போய்விட்டது, கிளாஸே கூவியது, மழைச் சத்தம் கேட்கவில்லை. நானும் கூவினேன் ஐயா, என்ன செய்ய!

மழை கொஞ்சம் விட்டதும் தாளாளர் அபிஷாவைக் கூப்பிட்டு, "இந்தப் பீரியட்ல இதுவரைக்கும் என்ன படிச்ச மக்களே?" என்று கேட்டார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று 'தாளம், சுருதி' என்று வாயசைத்துக் காட்டினேன். குட்டி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பளிச்சென்று சொன்னாள்:

"ஒண்ணும் படிக்கல்ல சார். பாட்டாக்கும்."

முடிவு

வெள்ளிக்கிழமை ஹெச்.எம். கூப்பிட்டனுப்பினார். பாடக்குறிப்பு நோட்டையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். "பயப்படாண்டாம், ஒங்க வேலைக்கு ஒண்ணும் இல்ல. படிக்காத ஒரு பீரியடு பிள்ளைகளுக்கு இருக்கட்டும்னு தாளாளர் சொல்லிட்டாரு" என்றார். கேளாமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அபிஷாவை அப்படியே தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது.

ஆனால் அபாகஸும் வருகிறதாம். அதனால் பாட்டு இனி வாரம் ஒரே ஒரு பீரியடு. வெள்ளிக்கிழமை கடைசி மணி, ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளும் பெரிய ஹாலில் ஒன்றாக. 'மழையவே அமுக்கின டீச்சருக்கு நூத்தம்பது பிள்ள பெரிசா?' என்று தாளாளர் கேட்டாராம். மற்ற நேரமெல்லாம் லீவு போட்டவர்களின் கிளாஸ், பழையபடி. சரி, இதிலும் ஒரு நன்மை இருக்கிறதே என்று, "அப்போ பாடக்குறிப்பு ஒண்ணு எழுதினா போதும்லா?" என்று கேட்டேன். ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்:

"கிளாஸ் ஒண்ணுதான். பிள்ளைக அஞ்சு வகுப்புல்லா டீச்சர், குறிப்பு அஞ்சும் தனித்தனியா வேணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சு குறிப்பிலும் அந்தக் கட்டத்தில் 'ஒன்றும் படிக்கவில்லை, பாடினார்கள்' என்றே எழுதி, மறுநாள் கொடுத்தேன், கட்டம் காலியாக இல்லாததால் அஞ்சிலும் கையெழுத்து விழுந்துவிட்டது.